கடைக்குட்டிகள் வீட்டு அக்கா

தலைச்சன் பிள்ளைக்கும் தலைச்சன் பிள்ளைக்கும் ஆனி மாதத்தில் கல்யாணம் செய்யக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை யார் வகுத்தார்கள், ஏன் ஆனி, ஆடியும் கழிந்து ஆவணியில் செய்தால் மட்டும் இரண்டு தலைச்சன்களும் எப்படிச் சாதுவாகிவிடுவார்கள் என்பதையெல்லாம் அந்த விதி விளக்குவதில்லை என்றாலும், விதி என்று ஒன்று இருக்கிறது. கடைக்குட்டிக்கும் கடைக்குட்டிக்கும் எந்த மாதத்திலும் எந்த விதியும் கிடையாது. விதி செய்கிறவர்கள் எல்லாம் மூத்தவர்களாகவே இருப்பார்கள் போலிருக்கிறது. ஆகவே பவானியில், எட்டுப் பிள்ளைகளில் எட்டாவதாகவும் ஆறு பெண்களில் ஆறாவதாகவும் பிறந்து, இனி வேண்டாம் என்று கடவுளுக்குத் தெரிவிக்கும் பொருட்டுப் போதுமணி என்று பெயர் வைக்கப்பட்டவளை, ஏழு பேருக்குப் பின்னால் பிறந்து முப்பது வயது தாண்டியும் அண்ணன்மார்களால் 'குழந்தை' என்றே கூப்பிடப்பட்டுவந்த குழந்தைவேலுவுக்குக் கட்டிவைத்தபோது, ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்தார்களே தவிர, அந்த வீட்டில் அடுப்பை யார் அணைப்பார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பால் பொங்கி வழிந்தது. வழக்கப்படி அதுதான் வேண்டும் என்பதால் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மறுநாளும் பொங்கி வழிந்தது. அதற்கு மறுநாளும், அந்த வாரம் முழுவதும், அடுத்து வந்த வாரங்களிலும் பொங்கி வழிந்தது. பால் பொங்குகிற சத்தம் கேட்டால் யாரோ ஓடுவார்கள் என்பது போதுமணிக்குத் தெரியும், அவள் வீட்டில் எப்போதும் ஒரு அக்கா ஓடியிருக்கிறாள். குழந்தைவேலுவுக்கும் தெரியும், அவன் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு மூன்று பேர் ஓடி ஒருவரோடொருவர் முட்டிக்கொள்வார்கள். இங்கே இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து, யாரோ ஓடுகிற காலடிக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.

அவள் திறந்த கதவு திறந்தபடி கிடந்தது, அவன் போட்ட விளக்கு எரிந்தபடி கிடந்தது. காய்கறி வண்டிக்காரர் வாசலில் நின்று என்ன வேண்டும் என்று கேட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். குழந்தைவேலு ஜமுக்காளக் கடையில் வேலை பார்த்தான். ஜமுக்காளத்தை விரித்துக் காட்டுவதில் அவனுக்கு நிகரில்லை, ஆனால் மடித்து வைத்ததாகச் சரித்திரம் இல்லை. போதுமணி வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைத்தாள். தையலில் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் கடைசிக் கொக்கியை மட்டும் தைக்க மாட்டாள், பிறந்த வீட்டில் அதைத் தைத்து முடிக்க ஐந்தாவது அக்கா இருந்தாள். அந்தத் தெருப் பெண்கள் கொஞ்ச காலம் கடைசிக் கொக்கி இல்லாமலே நடமாடினார்கள்.

கொக்கியும் விளக்கும் கடைசியில் சண்டையாக மாறின. நீ செய்யவில்லை என்று அவனும், நீங்கள் செய்யவில்லை என்று அவளும் சொன்னார்கள்; இரண்டுமே உண்மையாக இருந்ததால் சண்டைக்கு முடிவே வரவில்லை. அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் போன் போயிற்று. வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து பேசுவது, பேச்சு சரிப்படாவிட்டால் போதுமணியைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. முடிவெடுத்தவர்களில் அவர்கள் இருவரும் இல்லை. இருவருக்கும் அது இயல்பாகவே பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பால் பொங்கவில்லை.

பொங்காததுதான் போதுமணியை எழுப்பியது. எழுந்து போய்ப் பார்த்தபோது சமையலறையில் ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாலை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வளையலில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. இவர்களைவிட மூத்தவள் என்பதற்கு மேல் அவள் வயதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பிள்ளை தூக்கித் தூக்கி இடது இடுப்பு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவள் திரும்பிப் பார்த்து, பல் விளக்கியாயிற்றா என்று கேட்டாள். போதுமணி பல் விளக்கப் போனாள்.

குழந்தைவேலுவுக்கு மூன்று அக்காக்கள். அதில் இரண்டு பேர் அவன் பிறக்கும் முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். அதில் ஒருத்திதான் இவள் என்று போதுமணி எடுத்துக்கொண்டாள். போதுமணிக்கு ஐந்து அக்காக்கள். கல்யாணத்தன்று அவர்களை மாற்றி மாற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குழந்தைவேலு கேலிக்கு ஆளாகியிருந்தான். அந்த ஐவரில் ஒருத்திதான் இவள் என்று அவன் எடுத்துக்கொண்டான். உங்கள் அக்கா பெயர் என்ன என்று இனிமேல் கேட்டால் அவமானம் என்று இருவருமே கேட்கவில்லை. தவிரவும், தங்களுக்குச் சொல்லாமல் பெரியவர்கள் வருவதும் போவதும் கடைக்குட்டிகளுக்குப் பழக்கம். மத்தியானம் பேச வந்த பெரியவர்கள் பெருக்கிக் கோலமிட்ட வாசலையும் மடித்த ஜமுக்காளத்தையும் பார்த்து, எதிர்ப்பக்கத்தார் புத்தியாக ஒரு ஆளை அனுப்பிவைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்கள். பேச்சு நடக்கவில்லை; சாப்பாடு நடந்தது. அக்கா நின்றுகொண்டே பரிமாறினாள், எல்லோரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவள் உட்கார்ந்து அன்று யாரும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் வெகுகாலம் யாரும் பார்க்கவில்லை.

ஊர் அவளைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ரேஷன் கடையில் அவள் பெயரைச் சேர்க்கப் போனபோது, பெயர் என்ற இடத்தில் அக்கா என்றும் வயது என்ற இடத்தில் இவர்களைவிட அதிகம் என்றும் எழுதிக்கொண்டார்கள். சர்க்கரை சரியாகவே வந்தது. தெருவிலுள்ள மற்றக் கடைக்குட்டிகள் அறுந்த பொத்தானையும் தீராத சந்தேகத்தையும் எடுத்துக்கொண்டு சாயங்காலங்களில் வாசலில் வந்து நின்றார்கள், அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிர் வீட்டு நாச்சிமுத்துவும் ராமாத்தாளும் இரண்டு பேருமே தலைச்சன்கள், ஆவணியில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்த வீட்டு வாசலில் இரண்டு பூட்டு தொங்கும், அடுப்பில் இரண்டு குழம்பு கொதிக்கும், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடுப்பை அணைக்க ஓடிப் பால் காய்ச்சப்படாமலே கிடக்கும். இந்த வீட்டுக்கு அக்கா வந்ததைப் பார்த்த அவர்கள், தங்களுக்கும் அடக்கி வளர்க்க ஒரு தம்பி வந்து சேருவானா என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். ஒரு நாய்க்குட்டி வந்தது. இரண்டு பேரும் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், அது இரண்டுக்கும் திரும்பிப் பார்க்காமல் சந்தோஷமாக இருந்தது.

போதுமணியின் சொந்தப் பெரியக்காள், ஐந்து தங்கைகளை வளர்த்தவள், இந்தப் புது அக்காவைத் தணிக்கை செய்ய ஒரு நாள் வந்தாள். அக்கா அவளுக்குத் தட்டு வைத்து, நீ சாப்பிடு கண்ணு என்றாள். பெரியக்காளை யாரும் கண்ணு என்று கூப்பிட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் சாப்பிட்டுவிட்டு அங்கேயே சுருண்டு படுத்து மறுநாள் வரை தூங்கினாள், எழுந்து ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனாள், அதன் பிறகு மாதம் ஒரு முறை தூங்குவதற்காக வந்தாள்.

வீட்டுக்குள் சண்டை நின்றிருந்தது. நின்ற சண்டையோடு வேறு சிலவும் நின்றுபோயின. அது போதுமணிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அக்கா தலை வாரிவிடுவாள், முறுக்கை இரண்டாக உடைத்துச் சரிபாதியாகக் கொடுப்பாள். பாதி சரியில்லை என்று இரண்டு பேரும் அவளிடமே புகார் சொல்வார்கள். இவுங்க என் சோப்பை எடுத்துட்டாங்க என்று அவளும், இவ டிவியை மாத்தறா என்று அவனும் அடுப்படிக்குப் போய் முறையிடுவார்கள். கூடத்தில் நடுவில் அக்காவின் பாய், இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவன். நிம்மதியான தூக்கம். ஒரு நாள் மத்தியானம் சோறு பிசைந்துகொண்டிருந்த குழந்தைவேலுவை நிமிர்ந்து பார்த்த போதுமணி, அவன் மீசையை எடுத்திருப்பதைக் கண்டாள். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டாள். பங்குனியில் என்றான். அப்போது ஆடி பிறந்திருந்தது. ஒரு மனுஷியின் புருஷன் மீசை இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் அவள் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறான், அவள் முறுக்கின் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், அந்தக் கை குளிர்ச்சியாக இருந்தது, போதுமணி சாப்பிட்டுவிட்டாள்.

இதற்கிடையில் இளையவர்கள் கல்யாணம் கட்டிக்கொண்டு மூத்தவளை வீட்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. தரகர் ஆறுச்சாமி வரன்களோடு வந்தார். முதல் மாப்பிள்ளையிடம் அக்கா குறட்டை விடுவாள் என்று போதுமணி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டாம் மாப்பிள்ளையிடம் அக்காவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும் என்று குழந்தைவேலு சொன்னான். அக்காவுக்குக் குறட்டையும் கிடையாது, கோபமும் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து அவர்கள் வெற்றிகரமாகச் செய்து முடித்த முதல் காரியம் இதுதான்.

மூன்றாவது வரனாகச் சித்தோட்டில் மாவு மில் வைத்திருந்த, பெரியண்ணன் என்று பெயர்கொண்ட ஒருவனின் ஜாதகத்தைக் கொண்டுவந்த ஆறுச்சாமி, பேச்சோடு பேச்சாகப் பெண்ணின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். குழந்தைவேலுவின் பெரியப்பா செங்கோடனும் அப்போது கூடத்தில் இருந்தார். போதுமணி புருஷனைப் பார்த்தாள், அவன் இவளைப் பார்த்தான்.

"உங்க அக்கா பேரு உங்களுக்குத்தானுங்க தெரியும்" என்றாள் போதுமணி.

"எங்க அக்காவா? உங்க அக்கா இல்லையா?"

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் நின்று, மறுபடியும் தொடர்ந்தது. ஆறுச்சாமி இதைவிடச் சிக்கலான குடும்பங்களைப் பார்த்தவர். ஒரு பக்கமும் இல்லை என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும், பெயரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெரியப்பா செங்கோடன்தான் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். அவள் எங்கிருந்து வந்தாள் என்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, வந்தவள் எந்த முறையில் வந்தாள் என்பதே கேள்வி.

"ரெண்டு பேத்துக்கும் அக்கான்னா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு என்ன ஆவோணும்?"

உலகத்தில் எந்தச் சந்தேகத்தையும் ஒத்திப்போடலாம், முறை பற்றிய சந்தேகத்தை ஒத்திப்போட முடியாது. ஒரே அக்காவுக்குத் தம்பியும் தங்கையும் என்றால் இருவரும் அண்ணன் தங்கை. அண்ணன் தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்ததாக அந்த வட்டாரத்தில் வழக்கம் இல்லை. அவள் இருவரில் ஒருவருக்கு மட்டும் அக்காவாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் கல்யாணம் இல்லை என்று ஆவணி பிறப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டுப் போனார். அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. கணக்கு அப்படி வந்தது.

விட்டுக்கொடுப்பது எளிது என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். அவனுக்கு அக்கா என்றால் இவளுக்கு நாத்தனார்; இவளுக்கு அக்கா என்றால் அவனுக்கு மைத்துனி; எந்தப் பக்கம் ஆனாலும் அடுப்பை அணைக்கப்போவது அவள்தானே. ஆனால் நாத்தனார் தலை வாரிவிட மாட்டாள் என்பது போதுமணிக்குத் தெரியும். மைத்துனியிடம் பனியன் எங்கே என்று கேட்க முடியாது என்பது குழந்தைவேலுவுக்குத் தெரியும். கடைக்குட்டிகள் எதையும் விட்டுக்கொடுத்துப் பழகாதவர்கள். அவர்களுக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். நின்றிருந்த சண்டை திரும்ப வந்தது. எங்க அக்கா என்று அவளும், எங்க அக்காதான் என்று அவனும், அழுகையும் ஆங்காரமுமாக, ஆடி முழுவதும். அக்கா இரண்டு பேருக்கும் முகம் துடைத்துவிட்டாள்.

ஒரு நாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தபோது அக்கா சீப்பை நிறுத்தினாள்.

"ஆளுக்கொரு கையைப் புடிச்சு இழுக்கறீங்களே, நீ எந்தப் பக்கம் போகோணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா கண்ணு?"

"எந்தப் பக்கமுங்க்கா?"

"உக்கார்ற பக்கம்."

பின்னி முடித்து ரிப்பன் கட்டிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். போதுமணி கண்ணாடி முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். முப்பதை நெருங்கும் ஒரு பெண் ரிப்பன் கட்டியிருந்தாள் கண்ணாடியில்.

பெண் பார்க்கப் பெரியண்ணன், தரகரைத் தவிர வேறு துணை இல்லாமல் வந்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. முதல் பிள்ளைக்குப் பெரியண்ணன் என்று பெயர் வைத்தபோது பின்னால் வரிசையாகச் சின்னவர்கள் வருவார்கள் என்று அவன் பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். யாரும் வரவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நாற்பது தாண்டியவன், காதோரம் நரையா மாவா என்று தெரியவில்லை. தனிப்பிள்ளைக்கு யாரும் ஓடி வருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் கிடையாது, யாரையும் முந்திக்கொண்டு ஓட வேண்டும் என்ற அவசரமும் கிடையாது. பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் தன் தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவினான். கையோடு தொட்டியில் கிடந்த மற்றத் தட்டுகளையும் கழுவினான். அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்று செய்யப்பட்டுவிட்டதைப் பார்த்துக்கொண்டு அக்கா கதவோரம் நின்றாள், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

அவன் ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து அவளிடம் நீட்டினான்.

"வந்ததுலிருந்து நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தெரு, பின்னால் நின்றவர்களுக்கு இதைத் திரும்பிச் சொல்லியது. அவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். எதிர் வீட்டு ராமாத்தாள், எதற்கென்றே தெரியாமல், தன் வீட்டில் போய்த் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம்தான் பெரியண்ணன், இந்த வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டான். போதுமணியும் குழந்தைவேலுவும் பழக்கத்தால் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள், மணப்பெண் பேசக் கூடாது. அவர்கள் ஆறுச்சாமியைப் பார்த்தார்கள். அவர் ஒரு தடங்கலைச் சொன்னார்: மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் இல்லை, இணைச்சீருக்கு நிற்க ஆள் வேண்டும். அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுகிற முன்னால் மாப்பிள்ளையின் சகோதரி அவனோடு இணைந்து நின்று செய்கிற சீர் அது. சகோதரி இல்லாவிட்டால் சகோதரி முறையில் ஒருத்தி வேண்டும், முறையே இல்லாதவன் எங்கே போவான்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வரன் தானாகவே கலைந்துபோகும். குறட்டை, பாத்திரம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அக்கா நாளைக்கும் தலை வாருவாள். போதுமணி புருஷனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். மேலுதட்டில் மீசை இருந்த இடம் வெளுப்பாக, சின்னப் பையனுக்கு இருப்பதைப் போல இருந்தது. அடுத்து அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"நான் நிக்கறேனுங்க" என்றாள் போதுமணி. "மாப்பிள்ளைக்குத் தங்கச்சியா நான் நின்னு சீர் செய்யறேன்."

அதற்கு என்ன பொருள் என்று முதலில் விளங்கிக்கொண்டவர், அன்றைக்கும் வெற்றிலையோடு கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்த பெரியப்பா செங்கோடன். முறை என்றால் அவருக்குத் தூக்கத்திலும் கணக்கு வரும். மாப்பிள்ளைக்கு இவள் தங்கை என்றால் பெண் இவளுக்கு அண்ணி; அண்ணி அக்கா ஆக முடியாது. மிச்சம் இருப்பது குழந்தைவேலு, அவன் பெண்ணுக்குத் தம்பி. தம்பி ஒரு பக்கம், தங்கை எதிர்ப்பக்கம். கட்டிக்கொள்ளலாம், ஏற்கெனவே கட்டியும் கொண்டாயிற்று. அவர் வெற்றிலையை மெல்லத் தொடங்கினார்.

குழந்தைவேலுவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்போ அக்கா என் பக்கமா?"

"உங்க பக்கம்தானுங்க. எனக்கு இனிமே அண்ணி."

ஆடி முழுவதும் அழுது கேட்டது கிடைத்துவிட்டது. ஜெயித்தவன் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவன் போதுமணியையே பார்த்துக்கொண்டு நின்றான்; தனக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பது அவனுக்குப் புதிதில்லை, விட்டுக்கொடுத்தவளின் முகத்தை நின்று பார்ப்பதுதான் புதிது. பிறகு யாரும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தான். அது காபியாக இல்லை. எல்லோரும் குடித்தார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மணமகள் பெயர் அக்கா என்றே அச்சாகியிருந்தது, ஒருவரும் அதைப் பிழையாக நினைக்கவில்லை. தெருக் கடைக்குட்டிகள் தலைமையாசிரியர் தலைமையில் பந்தி பரிமாறினார்கள், உப்பை இரண்டு முறை வைத்தார்கள், தண்ணீரை மறந்தார்கள். பெரியக்காள் வந்து, தூங்காமல், கடைசி வரை விழித்திருந்தாள். சீர்ப்புடவை தோளில் கிடக்கப் போதுமணி மாப்பிள்ளை பக்கம் நின்றாள். பெண்ணின் தம்பியாகக் குழந்தைவேலு அந்தப் பக்கம் நின்றான். நடுவில் இப்போது பாய் இல்லை, மணவறைதான் இருந்தது. எதிரெதிரே நின்றதால் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க வழியில்லை. அவனுக்கு மீசை முளைக்கத் தொடங்கியிருந்தது. சீர் செய்து முடித்து மாப்பிள்ளையின் தங்கை மணப்பெண்ணின் தலையில் பூ வைத்தபோது, அண்ணி குனிந்து, பல் விளக்கினாயா என்று கேட்கவில்லை. நல்லாரு என்று மட்டும் சொன்னாள், பெரியவள் இன்னொரு பெரியவளுக்குச் சொல்வதைப் போல. வளையலிலிருந்த ஊக்குக் கொத்தைக் கழற்றிப் போதுமணியின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை போதுமணி பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்கு வந்தாள். கையிலிருந்த ரவிக்கையில் ஒரு கொக்கி பாக்கி இருந்தது. அதைத் தைத்து நூலை அறுத்தபோது பால் பொங்கி வருகிற சத்தம் கேட்டது. யாரோ ஓடுகிற காலடிக்காக அவள் காது தானாகவே கூர்மையானது. காலடி கேட்டது. அது அவளுடைய காலடி என்பது பாதிவழியில்தான் தெரிந்தது.

சமையலறையில் அடுப்புத் திருகின்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு, மீசையை மட்டும் விட்டுவிட்டு, கையில் சவரக் கத்தியோடு குழந்தைவேலு ஓடி வந்திருந்தான். அவள் கை அவன் கைமேல் விழுந்தது. நீங்கள் அணையுங்கள் என்று அவளும், இல்லை நீயே அணை என்று அவனும், சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்கள். பங்குனியிலிருந்து பார்க்காமல் விட்டது கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பால் பொங்கி வழிந்தது. எதிர் வீட்டில் ராமாத்தாள் தீய்ந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டில் புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்கள் என்று புருஷனிடம் சொன்னாள்.